கொங்ஜு நகரத்துக் கற்கள்

கொரியாவைப் பற்றி நம்மவர் இன்று முன்னையிலும் பார்க்க அதிகம் அறிவர். நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அந்நாட்டுத் தொழிற்சாலைகளிலே ஒப்பந்தத் தொழிலாளராய் உழைத்து வருகின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் நம் ஊர்களில் வீடுகள் எழும்புகின்றன. ஆயினும் அத்தொழிற்சாலைகள் தோன்றுமுன்னர் அந்த மண்ணை உழுதவர் யாவர், அவர்கள் கேட்டது என்ன, கேட்டதற்குக் கிடைத்தது என்ன என்பன நம் செவிக்கு எட்டியதில்லை. அவற்றை அறிய விரும்புவோர் ஆலை நகரங்களை விட்டு விலகிக் கொங்ஜு என்னும் சிறு நகருக்குச் செல்லுதல் வேண்டும். உழவரைத் தேடியே நாம் அங்கு சென்றோம். ஆயின் அரசர்களையும் ஆளுநர்களையும் கடவாமல் அவ்வூரில் உழவரை அடைய முடியாது.

சோல் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். புகையிரதத்திலும் செல்லலாம், ஆனால் 2015 இல் திறக்கப்பட்ட கொங்ஜு அதிவேகப் புகையிரத நிலையம் நகருக்கு வெகு தொலைவிலே தனித்து நிற்கிறது. புகையிரதத்துக்கும் இந்நகருக்கும் உள்ள பகை பழையது. சோலிலிருந்து பூசான் துறைமுகம் வரை யப்பானியர் அமைத்து 1905 இல் திறந்த இருப்புப்பாதை கொங்ஜுவை ஒதுக்கிவிட்டுத் தேஜொன் வழியே சென்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மாகாணத் தலைநகராய் விளங்கிய கொங்ஜு, 1932 இல் அந்தப் பதவியையும் தேஜொனிடம் இழந்தது. இழப்புக்கு ஈடாக, அடுத்த ஆண்டிலே ஆற்றின்மேல் ஓர் இரும்புப்பாலம் கட்டிக் கொடுக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டுப் போரிலே சிதைந்து பின்னர் செப்பனிடப்பட்ட அப்பாலத்தை இன்றும் காணலாம். மாலை வேளையில் அதன்மீது நடப்போர் பலர். ஒரு நகரின் வாழ்வைப் பறித்துக்கொண்டு ஓர் ஏகாதிபத்தியம் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு அது என்ற நினைப்பு நமக்கு எழாமற் போகவில்லை.

பாலத்தின் கீழே ஓடுவது கும் ஆறு. 'கும்' என்பது பூவேலை செய்த பட்டைக் குறிக்கும். பட்டாறு என்று நாம் சொல்லலாம். இவ்வாற்றங்கரையிலே, நகருக்குச் சற்று அப்பால், பழைய கற்கால மக்கள் விட்டுச்சென்ற கருவிகள் 1964 முதலாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நகரின் பண்டைப் பெயர் உங்ஜின். கரடித்துறை என்பது பொருள். பெண் கரடியொன்று ஒரு மனிதனைப் பிடித்துச் சென்று குகையிலே வைத்திருந்ததாம். அவனுக்கு இரு பிள்ளைகளையும் பெற்றதாம். ஒருநாள் அவன் ஆற்றைக் கடந்து தப்பி ஓட, கரடி பிள்ளைகளோடு நீரில் விழுந்து மாண்டதாம். ஊரவர் துறையருகே கரடிக்கு ஒரு சிறு கோயில் எடுத்துள்ளனர். வெல்லப்பட்ட பழங்குடிகளின் நினைவு இத்தகைய கதைகளிலே ஒளிந்திருப்பதுண்டு என்பர் ஆய்வாளர். அது எவ்வாறாயினும், தப்பி ஓடியவனுக்கன்றிக் கைவிடப்பட்டவளுக்கே கோயில் கட்டிய மக்களை நமக்குப் பிடித்துப் போயிற்று.

கி.பி. 475 இல் வடக்கேயிருந்த கொகுர்யோ அரசின் படை பெக்ஜே நாட்டுத் தலைநகரை வீழ்த்தி அரசனைக் கொன்றது. எஞ்சிய அரச குடும்பம் தெற்கே ஓடிவந்து, ஒருபுறம் ஆறும் மறுபுறம் மலையும் காத்து நின்ற இந்தத் துறையிலே புகலடைந்தது. 538 இல் இன்னும் தெற்கே சாபிக்கு, அதாவது இன்றைய புயோவுக்கு, இடம்பெயரும்வரை கொங்ஜுவே பெக்ஜேயின் தலைநகர். அந்த 63 ஆண்டுகளே இன்று இவ்வூரின் பிழைப்புக்கு வழியாகின்றன. கடைப் பலகைகளிலும் கைவிளக்குகளிலும் பெக்ஜே. இனிப்புப் பொட்டலத்திலும் பெக்ஜே.

அவ்வரசர்களுள் முர்யோங் என்பானின் கல்லறை 1971 யூலை 5 ஆந் தேதி தற்செயலாக வெளிப்பட்டது. பக்கத்திலிருந்த கல்லறைகளுக்குள் நீர் கசியாதிருக்க வடிகால் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் மண்வெட்டி செங்கல்லிலே பட்டது. தென்சீனத்து லியாங் அரசின் முறையில் கட்டப்பட்ட செங்கல் அறை. வாயிலிலே காவலுக்குக் கல்லால் ஆன விலங்கு. யப்பானிலிருந்து வந்த மரத்தாற் செய்த சவப்பெட்டிகள். திருடர் கை படாத அறை அது. ஆயின் திருடர் செய்யாததை அவசரம் செய்தது. செய்தியாளரும் பொதுமக்களும் திரண்டு நெருக்க, ஆயிரத்து நானூற்றைம்பது ஆண்டுகள் மூடிக்கிடந்த அறை ஒரே இரவில் வெறுமையாக்கப்பட்டது. அகழ்வுக்குத் தலைமை தாங்கிய அறிஞரே பிற்காலத்தில் இதனை எண்ணி வெளிப்படையாக வருந்தினார்.

எடுக்கப்பட்டவை 4,600க்கு மேற்பட்ட பொருள்கள். பொன் அணிகளை நூதனசாலையிலே கூட்டம் சூழ்ந்து நின்று பார்க்கிறது. நாம் அதிக நேரம் நின்றது இரண்டு கற்பலகைகளின் முன்னே. அரசனின் பெயரும், 523 ஆம் ஆண்டில் 62 ஆம் வயதில் அவன் இறந்தமையும் ஒன்றில் வெட்டப்பட்டுள்ளன. பெக்ஜே அரசருள் எழுத்தைக்கொண்டு அடையாளம் காணப்பட்ட கல்லறை இவன் ஒருவனுடையதே. மற்றதில் இருப்பது ஒரு காணி உறுதி! தனக்குரிய புதைகுழி நிலத்தை மண்ணின் தெய்வங்களிடமிருந்து பதினாயிரம் காசு கொடுத்து அரசன் வாங்கியதாக அது கூறுகிறது. வேறெந்தச் சட்டத்துக்கும் இந்நிலம் கட்டுப்பட்டதன்று எனப் பொருள்படும் சொற்களோடு உறுதி முடிகிறது. பலகையின்மேல் மெய்யாகவே காசுகளும் இருந்தன. ஆனால் அவை ஏறத்தாழத் தொண்ணூறே. தெய்வங்களுக்கும் கணக்குக் குறைத்தே கொடுத்திருக்கிறார்கள்.

நாடு முழுவதும் தனதென்று ஆண்ட மன்னனும் ஆறடி நிலத்துக்கு எழுத்து உறுதி தேடினான். அந்நிலத்தை உழுதவனுக்கோ பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும் எழுத்துமில்லை, உறுதியுமில்லை. இவ்வுண்மையை நாம் அடுத்துக் கண்டது கொங்சான் கோட்டையின் வாயிலிலே.

ஆற்றை ஒட்டிய குன்றின்மேல் 2,660 மீற்றர் சுற்றளவில் மதில் வளைந்து செல்கிறது. பெக்ஜே காலத்தில் மண்ணாலும் பின்னர் ஜோசொன் ஆட்சியிற் கல்லாலும் அமைந்த இக்கோட்டையை 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. உள்ளே 1624 இல் இன்ஜோ என்ற அரசன் கலகத்துக்கு அஞ்சி வந்து ஒளிந்திருந்த இடம் ஒன்றுண்டு. கலகம் அடங்கியதென்ற செய்தி கிடைத்ததும், தனக்கு நிழல் தந்த இரு மரங்களுக்கு அவன் உத்தியோகப் பட்டம் வழங்கினானாம். மரத்துக்குப் பட்டம் கொடுத்தவன் மனிதருக்கு என்ன கொடுத்தான் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்வதில்லை.

மேற்கு வாயிலுக்கு ஏறும் பாதையோரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. நகரின் பல பாகங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. போரில் மடிந்த வீரருக்கு நட்டவை போலும் என்று முதலில் எண்ணத் தோன்றும். அவை பெரும்பாலும் இங்கே அதிகாரஞ் செலுத்திச் சென்ற ஆளுநர்களையும் அதிகாரிகளையும் போற்றுபவை. 'இன்னாருடைய கருணையை என்றும் மறவோம்' என்ற தோரணையில் எழுதப்பட்டவை. கருணையை அனுபவித்ததாகச் சொல்லப்படும் குடிகளே கல்லுக்கும் கூலிக்கும் பணம் கட்டினர். கட்ட மனமுண்டா என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. ஜோசொன் ஆட்சியின் கடைசி நூற்றாண்டில் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவன் போட்ட முதலைக் குடிகளிடமிருந்து வட்டியுடன் மீட்டான். மீட்டு முடிந்து புறப்படும்போது ஒரு நன்றிக்கல்லும் நாட்டப்பட்டது!

இத்தகைய ஒரு கல்லும் சேர்ந்தே கொரிய வரலாற்றின் மிகப் பெரிய உழவர் எழுச்சியை மூட்டியது என்றால் வாசகர் வியப்புறலாம். கொங்ஜுவுக்குத் தெற்கே, ஜொல்லா மாகாணத்துக் கோபு என்னும் இடத்தில் ஜோ பியொங்-காப் என்பவன் அதிகாரியாய் இருந்தான். முன்பே அணை இருக்கவும் இன்னோர் அணையைக் குடிகளின் இலவச உழைப்பால் கட்டுவித்தான். அதன் நீருக்கு அவர்களிடமே வரி வாங்கினான். அயலூரில் முன்னர் அதிகாரியாயிருந்த தன் தகப்பனின் புகழ்க்கல்லுக்கு மண்டபம் எழுப்ப ஆயிரம் நியாங்குக்கு மேல் தண்டினான். முறையிடச் சென்றவர்கள் அடியுண்டு திரும்பினர். 1894 இன் தொடக்கத்தில் ஊர்ப் பள்ளியாசிரியர் ஒருவரின் தலைமையில் மக்கள் கச்சேரியுள் புகுந்தனர், களஞ்சியத்தைத் திறந்தனர், அணையை உடைத்தனர். அவ்வாசிரியரே ஜொன் பொங்ஜுன். உருவிற் சிறியவர், ஆதலால் 'பயறுத் தளபதி' என்று அன்போடு அழைக்கப்பட்டவர்.

தனியொரு ஊரின் கோபம் நாடளாவிய இயக்கமாய் விரிந்தமைக்குக் காரணம் தொங்ஹாக். 'கிழக்கின் கல்வி' எனப் பொருள்படும் இந்நெறியை 1860 இல் சே ஜேயூ தொடக்கினார். ஒவ்வொரு மனிதனும் வானத்து இறைவனைத் தன்னுள்ளே தாங்கியிருக்கிறான் என்பதே அதன் உயிர்க்கருத்து. அடிமையும் ஆண்டையும் கைம்பெண்ணும் குழந்தையும் உள்ளே ஒரே வானத்தைக் கொண்டவரெனின், பிறப்பால் உயர்ந்தோர் என்பவர் எங்கே நிற்பது? அரசாங்கம் இக்கேள்வியின் அபாயத்தை உடனே உணர்ந்துகொண்டது. 1864 இல் அவரது தலையை வெட்டியது. மதத்தின் போர்வையிலே பிறந்த இயக்கம் என்று இதனைச் சிலர் தள்ளிவிடுவர். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் சங்கமும் மறுக்கப்பட்ட உழவர்க்கு ஊர்தோறும் கூடிப் பேச வேறு அமைப்பு எது இருந்தது? போர்வையையன்றி அதனுள்ளே இருந்த மனிதரைப் பார்ப்பதே வரலாற்று மாணவர் கடன்.

1894 மே மாத இறுதியில் உழவர் படை மாகாணத் தலைநகரான ஜொன்ஜுவைக் கைப்பற்றியது. அஞ்சிய அரசவை சீனத்திடம் படையுதவி கேட்டது. அழையாமலே யப்பானும் வந்திறங்கியது. அந்நியப் படைகள் நாட்டில் நிற்கச் சாக்குக் கொடுக்கலாகாது என்று உழவர்கள் அரசோடு உடன்பாடு செய்து நகரை விட்டு வெளியேறினர். தொடர்ந்து ஜொல்லாவின் 53 மாவட்டங்களில் உழவர் தம் அலுவலகங்களை அமைத்து வழக்குகளைத் தீர்த்தனர். அநியாயக் கடன்களை விசாரித்தனர். அடிமை ஏடுகளை எரித்தல், கைம்பெண் மறுமணம், நிலத்தைச் சமமாய்ப் பகிர்தல் முதலான பன்னிரண்டு கோரிக்கைகள் பிற்கால நூலொன்றிலே காணப்படுகின்றன. நிலப் பகிர்வு உண்மையிலேயே அப்போது கேட்கப்பட்டதா என்பதில் அறிஞரிடையே பிணக்குண்டு. ஆயின் அடிமைமுறையும் பிறப்பு வேற்றுமையும் அதே கோடையில் அரசாங்கச் சட்டத்தாலே ஒழிக்கப்பட்டன. கிராமங்களிலே மூண்ட தீயின் வெப்பம் இல்லாதிருந்தால் அரண்மனைக்கு அந்த ஞானம் அத்துணை விரைவில் பிறந்திராது.

யப்பான் திரும்பிச் செல்லவில்லை. யூலை 23 இல் அரண்மனையைக் கைப்பற்றியது. சீனத்தோடு போர் தொடுத்தது. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் உழவர்கள் மீண்டும் எழுந்தனர். இம்முறை அவர்களது இலக்கு அந்நியப் படை. சோலுக்குச் செல்லும் வழி கொங்ஜு. மாகாண ஆளுநரின் இருப்பிடமும் கொங்ஜு. ஆகவே தெற்கேயிருந்து வந்த உழவர் படை நகரின் எல்லையிலுள்ள உகும்சிக் கணவாயை வந்தடைந்தது.

நாம் அக்கணவாய்க்குச் சென்றது ஒரு முற்பகலில். கோட்டையிலே கூட்டங்கூட்டமாய் நின்ற உல்லாசப் பயணிகளுள் ஒருவரையேனும் அங்கே காணோம். புயோவுக்குச் செல்லும் பாதையில் இரு குன்றுகளுக்கு இடையேயுள்ள தாழ்ந்த கழுத்து அது. மலை என்று சொல்லவும் கூச்சமாயிருக்கும். உச்சியில் நின்றால் கீழே சரிவு முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். துப்பாக்கி பிடித்தவனுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. ஏறி வருபவனுக்கு இதைவிடக் கொடிய இடமும் வேறில்லை.

டிசெம்பர் முதல் வாரம், கடுங்குளிர். மேலே யப்பானியர் சில நூற்றுவரும், அவர்களது கட்டளைக்கு அடங்கி நின்ற கொரிய அரசுப் படையினர் சில ஆயிரவரும். கீழே இருபதினாயிரம் வரை என்று கணக்கிடப்படும் உழவர். மேலே நின்றோர் கையில் நவீனத் துப்பாக்கி. கீழே நின்றோரிற் சிலர் கையில் திரியிட்டுச் சுடும் பழந்துப்பாக்கி; காற்றும் ஈரமும் திரியை அணைத்துவிடும். மற்றவர் கையில் மூங்கில் ஈட்டி. அவர்கள் ஏறினர், சுடப்பட்டு விழுந்தனர், பின்வாங்கி மீண்டும் ஏறினர். இவ்வாறு நாற்பது ஐம்பது தடவை நிகழ்ந்ததாக எதிரணியில் நின்ற அரசுப் படையின் குறிப்பே கூறுகிறது. இரண்டு சண்டைகளின் பின் எண்ணிப் பார்த்தபோது பதினாயிரவரில் மூவாயிரவரே எஞ்சியிருந்தனர் என்றும், மேலும் இரு சண்டைகளின் பின் ஐந்நூற்றுவரே இருந்தனர் என்றும் ஜொன் பொங்ஜுன் பின்னர் விசாரணையில் கூறினார். சிதறிப் போனோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர் என்று பிரித்தெழுத அங்கே எவரும் இருக்கவில்லை.

அம்மாத இறுதியில் பழைய தோழனொருவன் காட்டிக்கொடுக்க அவர் பிடிபட்டார். யப்பானியக் கொன்சலும் உடனமர்ந்திருந்த விசாரணையின் பின், 1895 வசந்தத்திலே சோலில் தூக்கிலிடப்பட்டார். கால் முறிந்த நிலையில் தூக்குக் கட்டிலிலே சுமந்து செல்லப்படுகையில் யப்பானியர் ஒருவர் எடுத்த புகைப்படம் எஞ்சியிருக்கிறது. கட்டிலைச் சுமப்போரின் முகங்கள் நினைவில் நிற்பதில்லை. அவருடைய கண்களோ பார்ப்பவரை விட்டு அகலா.

கோபுவின் ஜோ பியொங்-காப்புக்கு நேர்ந்தது யாது? சிறிது காலம் நாடுகடத்தப்பட்டான், மன்னிப்புப் பெற்றான், 1898 இல் தொங்ஹாக்கின் இரண்டாந் தலைவர் சே சிஹியொங்குக்கு மரணதண்டனை விதித்த நீதிமன்றத்திலே நீதிபதிகளுள் ஒருவனாக அமர்ந்தான். உகும்சிச் சண்டையின்போது கொங்ஜுவில் ஆளுநராயிருந்த பார்க் ஜே-சூன் பின்னர் வெளிநாட்டமைச்சனாய் உயர்ந்து, நாட்டின் வெளியுறவு உரிமையை யப்பானிடம் ஒப்படைத்த 1905 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்டான். கோட்டை வாயிலில் நாம் கண்ட வரிசையிலே அவனைப் புகழும் கல்லும் ஒன்று! நாட்டை விற்றவனுக்கு இங்கே கல் எதற்கு என்று ஊரவர் பலர் சினந்து கேட்டுள்ளனர். கேள்வி நியாயமே. ஆயினும் அக்கல் இருக்கட்டும் என்பதே நம் கருத்து. குடிகளின் நன்றி எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று கிடையாது.

உகும்சியிலே மாண்டவர்களுக்கு எண்பது ஆண்டு அளவும் எந்தக் கல்லும் இருக்கவில்லை. பாடநூல்கள் அவர்களைக் கலகக்காரர் என்றன. 1973 இல் கணவாயின் மேல் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. எழுப்பியது பார்க் சுங் ஹீயின் ஆட்சிக் காலம். அவர் 1961 மே 16 இல் இராணுவச் சதியால் ஆட்சியைப் பிடித்தவர். 1972 ஒக்டோபரில் 'யூசின்' என்ற பெயரிலே பாராளுமன்றத்தைக் கலைத்து எல்லா அதிகாரத்தையும் தம் கையிற் குவித்துக்கொண்டவர். உழவர் படையின் தியாக உணர்வு அந்த மே 16 இலும் அந்த யூசினிலும் புத்துயிர் பெறுகிறது என்ற பொருளில் தூணிலே எழுதி வைத்தனர். அதிகாரத்தை எதிர்த்து மாண்டவரின் எலும்பின்மேல் அதிகாரம் தனக்கே ஒரு புகழ்க்கல்லை நட்டுக்கொண்டது.

நாம் அருகே சென்று பார்த்தோம். சர்வாதிகாரியின் பெயர் இருந்த இடத்தில் கல் குழிந்து, சொரசொரத்துக் கிடக்கிறது. யாரோ உளி கொண்டோ கல் கொண்டோ அதனைக் கொத்தி எடுத்துவிட்டனர். மற்ற எழுத்துகள் வாசிக்கக்கூடியனவாய் உள்ளன. அதனைச் சீர்செய்து மீண்டும் பொறிக்க எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. கொங்ஜுவில் நாம் கண்ட கற்களுள், பணம் கட்டிய குடிகளின் கை உண்மையிலேயே பட்ட எழுத்து அந்தக் குழி ஒன்றே.

காலம் சற்று மாறியிருக்கிறது. 2004 இல் உழவர் எழுச்சியில் ஈடுபட்டோரின் மதிப்பை மீட்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2019 முதல் மே 11 ஆந் தேதி அரச நினைவுநாள். அது உகும்சித் தோல்வியின் நாளன்று, அதற்கு முந்திய வெற்றியொன்றின் நாள். 2023 இல் அவ்வெழுச்சியைச் சார்ந்த ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்ந்தன. ஜொன் பொங்ஜுனின் விசாரணை ஏடும் அவற்றுள் ஒன்று.

அத்தொகுப்பிலே ஒரு சிறிய கடிதமும் உண்டு. உகும்சிக்குப் பின் உழவர்களை யப்பானியப் படையும் அரசுப் படையும் தெற்கே கடலோரம்வரை துரத்திச் சென்றன. பிடிபட்டோர் பலர் நாஜு நகரச் சிறையிலே அடைக்கப்பட்டனர். அங்கிருந்து ஹான் தல்முன் என்ற உழவர் படை வீரர் தம் தாய்க்கு எழுதிய கடிதம் அது. அறிஞரின் சீன எழுத்தில் அன்று, எளியோரின் கொரிய எழுத்தில் எழுதியது. வானத்தைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ அதிலே பேச்சில்லை. பணம் கொடுத்தால் உயிரோடு வெளியே வரலாம், எப்படியாவது விரைவில் அனுப்புங்கள் என்று அம்மாவைக் கேட்கிறார். தாய் எங்கெங்கோ தேடிப் பணம் கட்டினாள். மகன் விடுதலையாகி வீடு வந்தார்; சிறையிற் பட்ட அடிகளால் சில நாட்களுக்குள் இறந்தார். கடிதத்தை அக்குடும்பம் பரம்பரையாய் வைத்திருந்தது.